நாற்பத்தொன்றாம் எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான்தான்.

கல்வியாண்டு தொடங்கி நாலு மாதம் ஆன பிறகு, என் கெமிஸ்ட்ரி வகுப்புக்கு நடுவில், கையில் சேர்க்கைச் சீட்டோடு வாசலில் வந்து நின்றான். நான் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். "வாங்க லேட்டு, வாங்க! நாலு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க, முன்னாடி ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?" என்றேன். நாற்பது பையன்களும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அவன் பெயர் லேட்டு. பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டின் கடைசி வரியில் எழுதினேன். எண் நாற்பத்தொன்று.

இந்த லட்சணத்தில் இருந்த என்னைத்தான் மாணவர் நலனுக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டார்கள்.

அதுவும் நானாகக் கேட்டு வந்த பதவி இல்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர், "ஒவ்வொரு பையனும் இது என் ஸ்கூல், இவங்க என் ஆளுங்கன்னு நினைக்கணும். அதுக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும். யாரு?" என்று கேட்டார். எல்லோரும் கூரையில் மின்விசிறி சுற்றுவதை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்கள் மாதிரி பார்த்தார்கள். நான் குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "தலையாட்டிட்டீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று என் தலையில் கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த கணக்கு வாத்தியார் கைதட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். தான் தப்பித்த சந்தோஷம் அவருக்கு.

ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு வேலை சொல்லித்தந்தார்கள். சாப்பாட்டு வேளையில் யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று ஒவ்வொரு பையனும் ஒரு சீட்டில் மூன்று பெயர் எழுத வேண்டும். ஆசிரியர் ஒரு தாளில் பையனுக்கு ஒரு வட்டம் போட்டு, யார் யாரை எழுதினார்களோ அவர்களை நோக்கி அம்பு வரைய வேண்டும். எந்த வட்டத்துக்கு ஒரு அம்பும் வரவில்லையோ, அந்தப் பையன் தனியாக இருக்கிறான் என்று பொருள். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

சீட்டுகளைக் கொடுத்தபோது வகுப்பில் நின்று சொன்னேன். "இதை நான் ஒருத்தன்தான் பார்ப்பேன். வேற ஒரு ஈ, காக்கா பார்க்காது. என்னை நம்பி எழுதுங்க." நம்பி எழுதினார்கள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துப் போட்டு வரைந்துகொண்டிருந்தேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, சிலந்தி கூடு கட்டியிருக்கு?"

விளக்கினேன். அவள் விரல் நேராக ஓரத்து வட்டத்துக்குப் போனது. "இவனுக்கு ஏன் ஒரு கோடு கூட வரல?"

"புதுப் பையன்."

"அவன் யாரை எழுதியிருக்கான்?"

சீட்டைத் தேடி எடுத்தேன். முதல் வரியில் ஒரே பெயர். இரண்டாவது வரியிலும் மூன்றாவது வரியிலும் அளவுகோல் வைத்து இழுத்த கோடு. எழுத ஆள் இல்லாததைக் கூட நேர்த்தியாக எழுதியிருந்தான். முதல் வரியில் இருந்தது கீப்பர்.

பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவன். வாத்தியார்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் கீப்பர் என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் இருபத்து மூன்று பேர் அவனை எழுதியிருந்தார்கள். அவன் வட்டத்தில் அம்பு குத்த இடமில்லை.

"பாவங்க. நீங்க ஒரு பத்து நிமிஷம் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசுங்களேன்" என்றாள்.

"எனக்கு எங்க நேரம் இருக்கு?" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. பத்து நிமிடம்தான் கேட்டாள்.

மறுநாள் கீப்பரை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். பந்தைத் தவிர வேறு எதையும் அவன் கை ஒழுங்காகப் பிடிக்காது. அந்த வருடம் மட்டும் ஒரு பிப்பெட், இரண்டு குடுவை உடைத்திருந்தான். செய்முறை மதிப்பெண் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"லேட்டு கூட மதியம் உக்காந்து சாப்பிடு. ஒரு மாசம். வாரத்துக்கு ஒரு சீட்டு, என்ன பேசினான், எப்படி இருக்கான்னு எழுதிக் குடு. பிராக்டிகல் மார்க்கை நான் பார்த்துக்கறேன்."

"அவன்கூட உக்காரச் சொன்னா சும்மாவே உக்காருவேனே சார்?"

"சொன்னதைச் செய்டா."

அந்த ஒரு பதிலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சும்மா கிடைக்க வேண்டியதற்கு நான் மதிப்பெண்ணைக் கூலியாக வைத்தேன். உறைக்கவில்லை. நல்ல யோசனை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முதல் வாரச் சீட்டு கோழி கிறுக்கின எழுத்தில் வந்தது. 'லேட்டோட அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊரா போவாங்க. மூணு வருஷத்துல இது நாலாவது ஸ்கூல். லிஃப்ட்ல ஒரு கயிறு அறுந்தாலும் மத்தது தாங்குமாம். பயப்பட வேணாம்னான். அவன் டப்பால முட்டை இருந்தா பாதி எனக்கு.' சிரித்துக்கொண்டே கோப்பில் வைத்தேன்.

இரண்டாம் வாரச் சீட்டு சின்னது. 'லேட்டு அம்மா முன்னாடி அழ மாட்டானாம். அவங்க கஷ்டப்படுவாங்கன்னு. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவானாம். இப்ப அழறது இல்லயாம்.'

அதைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்மேல் பாவமாக இருந்தது உண்மை. ஆனால் அடுத்த நிமிடமே, பொறுப்பாசிரியர் மூளை வேலை செய்தது. முன்னேற்றத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்று தோன்றியது. அதுவும் உண்மை.

மூன்றாம் வாரம் சீட்டு வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இனிமே எழுத மாட்டேன் சார்."

"ஏன்டா?"

"அவன் என்கிட்ட சொல்றான். நான் உங்ககிட்ட எழுதிக் குடுக்கறேன். ஒரு மாதிரியா இருக்கு சார்."

"அப்போ மார்க்?"

"வேணாம் சார்."

எனக்கு வந்ததே கோபம். "பெரிய மனுஷன் ஆயிட்டியோ? போடா, போய் பந்து பிடி" என்று கத்தி அனுப்பினேன். பதினான்கு வயதுப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்ற எரிச்சல் அது. அப்போது அதை ஒழுக்கக் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

கோப்புக்கு நாலு வாரம் தேவை. பள்ளியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது, பெற்றோர் நாளன்று காட்சிக்கு வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் தினமும் என் உயிரை எடுத்தார். நானே உட்கார்ந்து மூன்றாம் வாரத்தையும் நாலாம் வாரத்தையும் எழுதினேன். 'இருவரும் இணைந்து நூலகம் செல்கின்றனர். மாணவன் மகிழ்ச்சியாக உள்ளான்.' அவன் மகிழ்ச்சியாக இருக்கிறானா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் பொய் எழுதத் தேவையே இருந்திருக்காது. அந்த இரண்டு வாரத்தில்தான் அவன் நிஜமாகவே சந்தோஷமாக இருந்திருக்கிறான்.

காட்சிப் பலகைக்கு எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். நான் அவ்வளவு பொறுப்பில்லாதவன் இல்லை, பெயர்களையும், அப்பா வேலை, பழைய பள்ளிகள் என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் வரிகளையும் எடுத்துவிட்டேன். பெயருக்குப் பதில் வருகை எண். வட்டங்களுக்குள் எண், சீட்டுகளில் லேட்டு என்று இருந்த இடத்தில் எல்லாம் '41'. கீப்பருக்கு '17'. 'உடன் அமர நியமிக்கப்பட்டவர்: 17. காலம்: நான்கு வாரம். முன்னேற்றம்: நன்று.'

எங்கள் பள்ளியில் வருகையை எண் சொல்லித்தான் எடுப்போம். தினமும் காலையில் நான் ஒன்று, இரண்டு என்று படிக்க, உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று ஒவ்வொருவனாக எழுந்து நிற்பான். நாற்பத்தொரு பையன்களுக்கும் நாற்பத்தொரு எண்ணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பதிவேட்டைத் தினமும் கையில் வைத்திருக்கும் எனக்கு அது தோன்றவில்லை. எண் போட்டால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். வெளியிலிருந்து வரும் குழுவுக்கு மறைந்தது. மறைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் மறையவில்லை.

பெற்றோர் நாளன்று பெரிய கூடத்தில் என் பலகைக்கு முன்னால்தான் கூட்டம். குழுவில் வந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ரொம்ப அருமையான வேலை" என்றார். தலைமை ஆசிரியர் என் தோளில் கை போட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் லேட்டின் அம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. சீருடையை மாற்றக்கூட நேரம் இல்லாமல் அப்படியே வந்திருந்தார். பக்கத்தில் மகன். அவர் ஒவ்வொரு சீட்டாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். இரண்டாம் சீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"ஐயோ பாவம்" என்றார். "யாரு பெத்த பிள்ளையோ. அவங்க அம்மாவுக்கு இது தெரியுமா?"

மகன் பக்கம் திரும்பி, அவன் தலையைத் தடவி, "நீ அவன்கூடப் பேசுடா. பாவம்டா" என்றார்.

அவன் பலகையைப் பார்த்தான். நாற்பத்தொன்றைப் பார்த்தான். 'நியமிக்கப்பட்டவர்: 17' என்பதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "சரிம்மா" என்றான்.

இரண்டடி எடுத்து வைத்தால் அவனைத் தொட்டிருக்கலாம். குழு அம்மையார் ஏதோ கேட்டார், அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னேன். நான் திரும்பி வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை வருகை எடுத்தபோது நாற்பத்தொன்றுக்குப் பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன் மதியம் கீப்பர் ஆய்வகத்துக்கு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அதை ஏன் சார் ஒட்டினீங்க? அதுக்காகத்தான் சார் எழுத மாட்டேன்னேன்."

கையில் இருந்த குடுவையை மேசையில் வைத்தேன்.

"அவன் வீட்டுக்குப் போனேன். கதவே திறக்கல. உள்ள இருந்துகிட்டு, 'நாலு வாரம் முடிஞ்சு போச்சு, போ'ங்கறான் சார்."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். வகுப்பில் நான் யாரையாவது திட்டினால் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் செய்வதாக நினைப்பேன். அந்தப் பையன் என்னைத் திட்டக்கூட இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "அந்தப் புதுப் பையன் வீட்ல டி.சி. கேட்டு எழுதியிருக்காங்க. அவங்கப்பாவுக்கு அடுத்த ஊர்ல சைட்டாம். முன்னாடியே போய்டறேன்னு பையனே கேட்கறானாம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண் ஆசை காட்டியது, கடைசி இரண்டு சீட்டு நானே எழுதியது, எண் போட்டது. அவர் பேப்பர்வெயிட்டை உருட்டினார்.

"குழுவே பாராட்டிட்டுப் போயாச்சு. இப்போ போய் ஏன் சார் கிளறுறீங்க?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் மேசையைத் தட்டியிருப்பேன். அன்றைக்குக் கத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "கடைசி ரெண்டு சீட்டும் பொய்னு எழுதிக் குடுத்துடறேன் சார். நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆறாவது மாடி. கூடத்தில் பாதி அட்டைப் பெட்டிகள், சிலது கட்டியது, சிலது திறந்தது. அவன் அம்மா நாற்காலியில் இருந்த துணிகளை அள்ளி எடுத்து எனக்கு இடம் கொடுத்தார். உள்ளறை வாசலில் அவன் நின்றான். கல்லுளிமங்கன் மாதிரி முகத்தில் ஒன்றும் இல்லை.

"உடம்பு சரியில்லன்னு ஒரு வாரமா படுத்தே கிடக்கான் சார். ஸ்கூலை மாத்துன்னு ஒரே பிடிவாதம். பசங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?"

"பசங்க ஒண்ணும் சொல்லலம்மா."

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடிக்கத் தொடங்கும்போது கேட்டார். "அன்னைக்கு எழுதியிருந்துச்சே சார், குழாயைத் திறந்து விட்டுட்டு அழுற பையன். எனக்கு வேலையில நின்னாலும் அதே ஞாபகம். அவன் இப்போ பரவாயில்லையா சார்?"

வாசலில் நின்றவனைப் பார்த்தேன். அவன் கண் என்னைக் கெஞ்சியது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவனுக்கு நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்மா. அவன் நம்பிச் சொன்னதை நான் ஊருக்கே படிக்கப் போட்டேன். அவன்கிட்ட மன்னிப்பு கேட்கணும்."

"வாத்தியார் நீங்க, நீங்க போய் மன்னிப்பு கேட்டா அவனுக்கே சங்கடமா இருக்குமே சார்."

"இருக்கட்டும்மா. கேட்கத்தான் வேணும். நான் பண்ணினது ரொம்பத் தப்பு."

இதை அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் திரும்பி மகனைப் பார்ப்பதற்குள் அவன், "சாரை லிஃப்ட் வரைக்கும் விட்டுட்டு வரேன்மா" என்று செருப்பை மாட்டினான்.

வெளியே நடையில், லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றோம். பொத்தானை அவன் அமுக்கவில்லை. நானும் அமுக்கவில்லை. கோப்பைத் திறந்து நாலு சீட்டையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"எழுத்தைப் பாரு."

முதல் இரண்டும் கோழிக் கிறுக்கல். அடுத்த இரண்டும் அவன் நோட்டில் தினமும் சிவப்பு மையில் பார்க்கிற எழுத்து. அவன் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"இது உங்க எழுத்து சார்."

"ஆமாம். ரெண்டு வாரத்தோட கீப்பர் எழுத மாட்டேன்னுட்டான். மார்க்கும் வேணாம்னுட்டான். உன்னைப் பத்தி எழுதிக் குடுக்கறது ஒரு மாதிரியா இருக்குன்னான். நான்தான் அவனைத் திட்டி அனுப்பிட்டு, மீதியைப் பொய்யா எழுதினேன்."

"நாங்க லைப்ரரிக்கே போனதில்ல சார்."

"தெரியும்."

"மூணாவது வாரம் ஞாயித்துக்கிழமை என்னை அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். அது..."

"அது நான் சொல்லல. அவன் வீட்டுக்கு நீ போனதே எனக்கு இப்பதான் தெரியும்."

"கிரவுண்ட்ல அவனுக்குப் பந்து அடிக்கச் சொல்லித் தினமும் கூட்டிட்டுப் போனது?"

"அதுவும் நான் சொல்லல."

அவன் விரலை மடக்கி மனசுக்குள் ஏதோ நாள் எண்ணினான். எது வரை கூலிக்கு, எதிலிருந்து நிஜம் என்று ஒரு பையன் என் முன்னால் நின்று பிரித்துப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தவன் நான். நான் குறுக்கே பேசாமல் நின்றேன், எனக்குத் தெரிந்து அந்த வருடம் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"லேட்டுன்னு கூப்பிட்டதுக்கும் சேர்த்து மன்னிச்சிடுப்பா" என்றேன்.

அவன் நாலு சீட்டையும் ஒழுங்காக அடுக்கினான். கீப்பர் எழுதிய இரண்டையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் எழுதிய இரண்டையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு லிஃப்ட் பொத்தானை அமுக்கினான். கீழே எங்கோ கிறீச் என்று சத்தம் கேட்டு, கயிறு நகர்ந்தது.

"திங்கட்கிழமை வரேன் சார். டி.சி. வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிக்கறேன். அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றேன். அவன் மரியாதையாக, வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"சார், இன்னைக்கு நான் பேசினதையும் ஃபைல்ல எழுதுவீங்களா?"

"இல்லப்பா. சத்தியமா இல்ல" என்றேன்.

"சரி சார்" என்றான். கதவு மூடும்வரை அவன் கண் என் முகத்தில் இல்லை. என் கையில் இருந்த கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.